டான்யூபா, லுவாரா, பொட்டோமாக்கா: கோடையில் எந்த ஆற்றோடு சைக்கிள் ஓட்டுவது?

கையில் ஒரு வாரம் லீவு. அதுவும் பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூலையிலோ ஆகஸ்டிலோதான் கிடைக்கும். சைக்கிளில் ஓர் ஆற்றை ஒட்டிப் போவது என்பது முடிவாகிவிட்டது. எந்த ஆறு என்பதில்தான் இழுபறி. இந்தக் கட்டத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். படத்தில் காற்று தெரியாது. வெயிலும் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது மூன்று பாதைகள். முதலாவது, ஜெர்மனியின் பஸாவ் நகரிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டான்யூபோடு போவது, சுமார் 320 கி.மீ. இரண்டாவது, பிரான்ஸின் 'லுவார் அ வேலோ'. மொத்தம் 900 கி.மீ. நீளம், அதில் ஒரு வாரத்துக்குத் தோதான துண்டு, புளுவாவுக்கும் சோமூருக்கும் இடைப்பட்ட 160 கி.மீ. சொச்சம். மூன்றாவது அமெரிக்காவில், பொட்டோமாக் ஆற்றை ஒட்டி ஓடும் சி அண்ட் ஓ (செசபீக் அண்ட் ஒஹாயோ) கால்வாய்ப் பாதை: வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனிலிருந்து மேரிலாண்டின் கம்பர்லாண்ட் வரை 184.5 மைல், அதாவது 297 கி.மீ. டான்யூபை முழுதாகவும், லுவாரில் இந்தத் துண்டையும், பொட்டோமாக்கில் மூன்று நாள் தூரத்தையும் ஓட்டியிருக்கிறேன். ஜெர்மனியில் ஓடும் ரைன், மோசல் ஆறுகளை ஏன் விட்டேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எது அழகு என்று கேட்டால், மூன்றும் அழகுதான். அந்தக் கேள்வியால் முடிவுக்கு வர முடியாது. கோடையில் நான் கேட்கும் கேள்விகள் மூன்று. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும்? மத்தியானம் இரண்டு மணிக்கு நிழல் எங்கே இருக்கும்? இனி முடியாது என்று உட்கார்ந்துவிட்டால் பக்கத்து ரயில் நிலையம் எவ்வளவு தூரம்?

மூன்று பாதைகளும் சமதளம் என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். அதற்குக் காரணமும் உண்டு. டான்யூபின் கரையோரம் பல இடங்களில் பாதை போவது, ஒரு காலத்தில் குதிரைகள் ஓடங்களை ஆற்றுக்கு எதிராகக் கட்டியிழுத்த தடத்தில். சி அண்ட் ஓ பாதையிலும் அதே வேலையைச் செய்தவை கோவேறு கழுதைகள். கழுதை இழுக்கக்கூடிய சரிவு என்றால் நமக்கும் அது சரிவே இல்லை. லுவாரில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் வெள்ளத்தைத் தடுக்க நூற்றாண்டுக் கணக்கில் உயர்த்திக்கொண்டே வந்த கரைமேட்டின் மேல் போகிறோம். இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும். வெயிலில் நிற்கும்போதுதான் அதன் எடை புரியும்.

ஆறு போகிற பக்கம் போனால் சுலபமா?

ஆற்றின் போக்கில் ஓட்டினால் இறக்கம், கால் வலிக்காது என்று எல்லோரும் நம்புகிறோம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பஸாவில் ஆற்றின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 290 மீட்டர். வியன்னாவில் சுமார் 160. 320 கிலோமீட்டரில் 130 மீட்டர் இறக்கம் என்றால் கிலோமீட்டருக்கு 40 சென்டிமீட்டர். தார்ப்பாதையில் டயர் உருளும்போது ஏற்படும் தடையில் பத்தில் ஒரு பங்கைக்கூட இந்த இறக்கம் ஈடுகட்டாது. லுவாரின் இந்தத் துண்டில் இறக்கம் இன்னும் குறைவு.

காற்று அப்படி இல்லை. நீங்கள் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், எதிரே 15 கி.மீ. வேகத்தில் காற்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பலமான காற்றுகூடக் கிடையாது. இலைகள் ஆடும், துணி பறக்கும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் நெஞ்சில் மோதுவது 35 கி.மீ. காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், காற்றில்லாத நாளைப்போல மூன்று மடங்கு தடையைத் தள்ளுகிறீர்கள்.

இதை நான் லுவாரில்தான் கற்றுக்கொண்டேன். புளுவாவில் சைக்கிளை வாடகைக்கு எடுத்து, கையேடு சொன்னபடி கடலை நோக்கி, அதாவது மேற்கே கிளம்பினோம். தூர் நகரைத் தாண்டியதும் பாதை மேட்டின் மேல் ஏறியது. தூரத்தில் நெட்டைப் பாப்லார் மரங்களின் இலைகள் எல்லாம் வெள்ளை அடிப்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. என் நண்பன் கொஞ்ச நேரம் பேசாமல் மிதித்தான். பிறகு பக்கத்தில் வந்து, "டேய், ஆறு இறங்குதுன்னுதானே சொன்ன? எனக்கு ஏறுற மாதிரில்ல இருக்கு" என்றான். குனிந்து பார்த்தேன். மேசைபோன்ற சமதளத்தில் இரண்டு பேரும் மலையேற்றத்துக்கான கியரில் போய்க்கொண்டிருந்தோம். அன்று 45 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொண்டோம்.

மேற்கு ஐரோப்பாவில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, அட்லாண்டிக் கடலிலிருந்து வருகிறது. லுவார் மேற்கே ஓடுகிறது. ஆற்றின் போக்கில் போனால் எதிர்காற்று. டான்யூப் கிழக்கே ஓடுகிறது. ஆற்றின் போக்கில் போனால் முதுகில் காற்று. வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே நெடும்பாதையின் துண்டுகள்: அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை போகும் யூரோவேலோ 6. அதை மேற்கிலிருந்து கிழக்காக ஓட்டுகிறவர் லுவாரில் ஆற்றை எதிர்த்தும் டான்யூபில் ஆற்றோடும் போவார். காற்று பெரும்பாலான நாட்கள் அவர் பக்கம்தான். ஆகவே லுவார்தான் என்று முடிவெடுத்தால், சோமூரில் தொடங்கிப் புளுவாவில் முடியுங்கள். கையேட்டைப் பின்பக்கமிருந்து புரட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும், பரவாயில்லை.

பொட்டோமாக்கில் இந்தப் பிரச்சினையே பெரிதாக வராது. இருபுறமும் மரம், காற்று உள்ளே வருவதில்லை. ஜார்ஜ்டவுனிலிருந்து கம்பர்லாண்ட் போக மொத்தம் 605 அடி ஏற்றம், அதுவும் 297 கிலோமீட்டரில் பரவிக் கிடக்கிறது. படகுகளை ஏற்றி இறக்கக் கட்டிய 74 லாக்குகள் உண்டு. ஒவ்வொரு லாக்கின் பக்கத்திலும் பாதை சின்னதாக ஒரு மேடு ஏறும். பத்து மிதி மிதித்தால் முடிந்துவிடும். ஏற்றம் என்று கால் உணர்வது அங்கே மட்டும்தான்.

நிழல்

ஜூலை மாதத்துக்கு இதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

லுவாரின் கரைமேடு வெள்ளத்துக்காகக் கட்டப்பட்டது, நிழலுக்காக அல்ல. 1846, 1856, 1866 என்று இருபது ஆண்டுக்குள் மூன்று பெருவெள்ளங்களைப் பார்த்த ஆறு அது. மேட்டை உயர்த்தியவர்களின் கவலை வேறு. நமக்குக் கிடைப்பது அகன்ற வானம், வெள்ளை மணல்திட்டுகள், அவற்றில் கூடுகட்டும் ஆலா என்ற நீர்ப்பறவைகள். கூடவே தலைக்கு மேலே ஒன்றுமே இல்லாத பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நீட்சிகள். பாட்டிலில் இருக்கும் தண்ணீர் அரைமணி நேரத்தில் வெந்நீராகிவிடும். ஹாண்டில்பாரின் மேல் கட்டியிருந்த கறுப்புப் பையின் ஜிப்பைத் தொட்டதும் கையை உதறிக்கொண்டது இப்போதும் நினைவிருக்கிறது.

ஆனால் லுவாரிடம் வேறொரு நிழல் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் கோடையிலும் அங்கே சுகமாகப் போய்வருகிறார்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, பதினொன்றுக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிட வேண்டும். மத்தியானத்தை ஏதாவது ஓர் அரண்மனைக்குள் கழிக்க வேண்டும். ஷம்போர் அரண்மனையை முதலாம் பிரான்சுவா 1519-இல் கட்டத் தொடங்கினார். அதே ஆண்டு மே மாதம் லியொனார்டோ டா வின்சி பக்கத்திலேயே அம்புவாஸில் இறந்தார். இந்த வரலாறெல்லாம் சுவையானதுதான். ஆனால் வெயிலில் 40 கிலோமீட்டர் மிதித்துவிட்டு அந்தக் கனத்த கல் சுவர்களுக்குள் நுழைபவருக்கு முதலில் தோன்றுவது 'அப்பாடா' என்பதுதான். அங்கிருக்கும் இரட்டைச் சுருள் படிக்கட்டில் ஒருவர் ஏற, இன்னொருவர் இறங்க, இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே சந்திக்காமல் போகலாம். நாங்கள் மூன்று தடவை ஏறி இறங்கினோம். விளையாட்டு பாதி, வெளியே போக மனமில்லாதது பாதி.

சோமூர்ப் பக்கம் இன்னும் ஒரு படி மேல். அந்த அரண்மனைகளைக் கட்டிய வெளிர்நிற டூஃபோ கல்லை வெட்டியெடுத்த குகைகள் ஆற்றின் தென்கரை முழுக்க இருக்கின்றன. சூசே-ஷம்பிஞ்ஞி என்ற ஊரில் சைக்கிள் பாதையே பாறைக்குள் குடைந்த ஒரு பழைய தெரு வழியாகப் போகிறது. உள்ளே நுழைந்ததும் வியர்வை சட்டென்று குளிர்கிறது. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள்.

டான்யூபில் நிழலுக்கு ஒரு சூத்திரம் உண்டு: திராட்சைக்குப் பிடித்த கரை உங்களுக்கு வேண்டாம். ஆறு மேற்கிலிருந்து கிழக்காகப் போவதால், வடகரைச் சரிவுகள் தெற்கே பார்த்து நாள் முழுக்க வெயில் வாங்குகின்றன. மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் இடைப்பட்ட வாஹாவ் பள்ளத்தாக்கில் கல்லடுக்கிக் கட்டிய திராட்சைப் படிக்கட்டுகள் பெரும்பாலும் வடகரையில் இருப்பது அதனால்தான். தென்கரையின் சரிவு வடக்கே பார்த்தது, காடு மூடியது. காலையிலும் மாலையிலும் மலையின் நிழல் பாதைமேல் விழும். போக்குவரத்தும் குறைவு. பார்க்க வேண்டிய ஊர்களோ ஷ்பிட்ஸ், வைசன்கிர்ஹன், டுர்ன்ஷ்டைன் என்று வடகரையில் இருக்கின்றன. இங்கிலாந்து அரசர் சிங்கநெஞ்சன் ரிச்சர்டை 1192-இல் அடைத்து வைத்த கோட்டை இடிந்து நிற்பது டுர்ன்ஷ்டைனுக்கு மேலேதான். தென்கரையில் ஓட்டு, ஊர் பார்க்கப் படகில் அக்கரை போ; வாஹாவுக்கு இதுதான் சரியான வழி.

அந்தப் படகைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. ஷ்பிட்ஸில் இருப்பது இன்ஜின் இல்லாத படகு. ஆற்றுக்குக் குறுக்கே உயரத்தில் ஒரு கம்பிவடம்; படகு அதில் தொங்கவிட்ட கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறது. படகுக்காரர் படகைக் கொஞ்சம் சாய்த்துத் திருப்புகிறார். ஆற்றின் ஓட்டமே பக்கவாட்டில் தள்ளி அக்கரைக்குக் கொண்டுபோய் விடுகிறது. சத்தமே இல்லை. மேலே வடத்தில் கப்பி உருளும் முனகல், படகின் அடியில் தண்ணீர் உரசும் ஒலி, யாருடைய சைக்கிளோ ஸ்டாண்டில் ஆடும் டிங் டிங். நான்கைந்து நிமிடப் பயணம். இதற்காகவே இரண்டு தடவை கடந்தேன்.

பஸாவுக்குக் கீழே முதல் நாள் வரும் ஷ்லோகன் வளைவும் நிழலுக்கு நல்லது. ஆறு ஒரு மலைமுகட்டில் முட்டி, ஏறக்குறைய வந்த திசைக்கே திரும்பிவிடுகிறது. இருபுறமும் செங்குத்தான காடு. லின்ஸுக்குப் பிறகு வரும் சமவெளிதான் டான்யூபின் பலவீனம். அணைக்கட்டுக் கரைகள், நேர்க்கோட்டுப் பாதை, வெயில். ஒரு நாள் அதற்குப் போகும்.

பொட்டோமாக்கில் நிழலுக்குப் பஞ்சமே கிடையாது. சைகமோர், மேப்பிள் மரங்கள் இரண்டு பக்கமும் வளைந்து கூரை போட்டிருக்கும். நாள் முழுக்கத் தொப்பியில்லாமல் ஓட்டலாம். நிழலை மட்டும் வைத்து முடிவெடுத்தால் போட்டி இங்கேயே முடிந்தது. சிக்கல் என்னவென்றால், அந்தக் கூரைக்கடியில் காற்று அசைவதில்லை, ஈரப்பதம் கனமாகத் தேங்கி நிற்கும், கால்வாயின் தேங்கிய தண்ணீர் கொசுக்களுக்குச் சொந்த வீடு. ஓடிக்கொண்டிருக்கும்வரை தெரியாது. பங்க்ச்சர் ஒட்ட நின்றால் தெரியும். டியூபை வெளியே எடுப்பதற்குள் முழங்காலுக்குக் கீழே எண்ணிக்கொண்டிருந்தேன், பதினேழோடு நிறுத்திவிட்டேன். பாய்சன் ஐவி என்ற மூன்றிலைக் கொடி ஓரங்களில் அடர்ந்து கிடக்கும். தோலில் பட்டால் கொப்புளம். சைக்கிளைப் புதரில் சாய்க்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிட்டுப் போங்கள்.

முடியாவிட்டால்

குழந்தைகளோடோ, பழக்கமில்லாதவர்களோடோ போகிறீர்கள் என்றால் இந்தப் பகுதியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

இதில் லுவார்தான் முதல். புளுவா, அம்புவாஸ், தூர், சோமூர் என்று ரயில் பாதை ஆற்றோடேயே வருகிறது. எந்த நாளும் மத்தியானம் கைவிட்டுவிட்டு ரயிலேறலாம். கோடையில் சைக்கிளுக்கு இடம் முன்பதிவு செய்ய வேண்டியிருக்கலாம் என்பதை மட்டும் கிளம்புமுன் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். டான்யூபில் லின்ஸிலிருந்து வியன்னா வரை ரயில் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மெல்க்கில் நிலையத்திலிருந்தே மடாலம் தெரியும். ஷ்லோகன் பள்ளத்தாக்கில் மட்டும் ரயில் இல்லை, அங்கே கப்பல்தான். பொட்டோமாக்கில் இந்த வசதியை எதிர்பார்க்கக் கூடாது. வாஷிங்டனுக்கும் கம்பர்லாண்டுக்கும் இடையே ஆம்ட்ராக் ரயில் நாளுக்கு ஒன்றுதான், சைக்கிளுக்கு முன்பதிவு வேண்டும். நடுவில் பல இடங்களில் அடுத்த ஊருக்குப் போகவே ஆற்றைத் தாண்டவோ மேடேறவோ வேண்டும். டயரைக் கழற்றி மாட்டத் தெரியாதவர் அங்கே தனியாகப் போகக் கூடாது.

தரையும் இதோடு சேர்ந்ததுதான். டான்யூபில் பெரும்பாலும் தார். எந்த சைக்கிளும் போகும். லுவாரில் தார், நடுநடுவே இறுக்கிய சரளை, அதுவும் பரவாயில்லை. சி அண்ட் ஓ பாதை மண்ணும் சரளையுமாக இருக்கும். சில பகுதிகளில் பொடிக்கல் போட்டுச் சீராக்கியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் ஓர் இடிமழை பெய்தால் இரண்டு நாளைக்குச் சேறு. 40 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரோடு அங்கே போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 'பாபா சுரங்கம்' என்று ஒன்று வரும், 3,118 அடி நீளம். 1836-இல் தோண்டத் தொடங்கி 1850-இல்தான் முடித்தார்கள். உள்ளே விளக்கு கிடையாது. நெற்றி விளக்கு வேண்டும், சைக்கிளை உருட்டித்தான் போக வேண்டும். வெளியே 35 டிகிரி வெயில் அடிக்கும்போது அந்தச் செங்கல் குளிர்ச்சிக்குள் நடப்பது தனிச் சுகம்.

இந்தக் கால்வாயின் கதையே ஒரு சோகக் கதை. 1828 ஜூலை 4 அன்று ஒருபுறம் கால்வாய்க்கு முதல் மண் வெட்டினார்கள். அதே நாளில் பால்டிமோரில் பி அண்ட் ஓ ரயில் பாதைக்கும் அடிக்கல் நாட்டினார்கள். ரயில் 1842-இல் கம்பர்லாண்டை எட்டிவிட்டது, கால்வாய் 1850-இல்தான் போய்ச் சேர்ந்தது. 1924 வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றது. பிறகு அதன்மேல் கார்ச் சாலை போடலாம் என்று ஒரு யோசனை வந்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954-இல் அதை எதிர்த்து முழுப் பாதையையும் நடந்தே கடந்தார். 1971-இல் தேசிய வரலாற்றுப் பூங்காவானது. நாம் சைக்கிளில் போக முடிவதே அந்த நடையால்தான்.

இரவுத் தங்கலில் டான்யூப் சொகுசு, ஆனால் ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளில் இடம் கிடைப்பது கஷ்டம்; வாஹாவில் முன்பதிவு இல்லாமல் போய் நிற்காதீர்கள். லுவாரில் 'அக்கெய் வேலோ' என்ற பலகை உள்ள விடுதிகளில் சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் பழுதுபார்க்கக் கருவியும் கிடைக்கும். பொட்டோமாக்கில் சில மைல்களுக்கு ஒருமுறை, நடந்து வருபவர்களுக்கும் சைக்கிளில் வருபவர்களுக்கும் என்றே இலவசக் கூடார இடங்கள் இருக்கின்றன: ஒரு மேசை, ஒரு கழிப்பறை, கைப்பம்பு. ஓர் இடத்தில் ஓர் இரவுதான். செலவு என்று பார்த்தால் இதை மற்ற இரண்டும் நெருங்கவே முடியாது.

ஆற்றில் இறங்கலாமா?

நாள் முழுக்க ஆற்றைப் பார்த்துக்கொண்டே போகிறவருக்கு வரும் நியாயமான ஆசை. லுவாரில் இறங்காதீர்கள். கோடையில் முழங்கால் அளவு தண்ணீரும் மணல்திட்டுமாகக் குழந்தைத்தனமாகத் தெரியும். மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும், காலடியில் திடீரென்று பள்ளம் விழும். பல இடங்களில் குளிக்கத் தடை. பொட்டோமாக்கில் கிரேட் ஃபால்ஸ் பகுதி உயிரைக் குடிப்பது, அங்கேயும் தடைதான். டான்யூபில் வாஹாவின் கூழாங்கல் கரைகளில் ஓரமாக இறங்கலாம். கப்பல் போனால் அலை சற்று நேரம் கழித்து வந்து அடிக்கும், அதற்குள் கரையேறிவிட வேண்டும். அதைவிட நல்லது, வியன்னா போய்ச் சேரும்வரை பொறுப்பது. வெள்ளத்தைத் திருப்ப 1972 முதல் 1988 வரை வெட்டிய புது டான்யூப் கால்வாயும் அந்த மண்ணைக் கொட்டி உண்டாக்கிய 21 கி.மீ. நீளத் தீவும் அங்கே இருக்கின்றன. சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு நேராகத் தண்ணீரில் குதிக்கலாம்.

வெள்ளம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பஸாவில் டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று ஆறுகள் சேர்கின்றன. இன் ஆறு ஆல்ப்ஸ் பனியைக் கரைத்துக்கொண்டு பால்பச்சையாக வரும், இல்ஸ் காட்டுச் சதுப்பிலிருந்து கறுப்பாக வரும். ஜூனில் பனியும் மழையும் ஒன்றாகச் சேர்ந்தால் ஆபத்து. 2013 ஜூனில் நீர்மட்டம் 12.89 மீட்டரை எட்டியது. பழைய நகராட்சிக் கட்டடத்தின் சுவரில் வெள்ளக் குறிகளை ஆண்டு வாரியாகப் பொறித்திருக்கிறார்கள். கழுத்தை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். ஜூன் மாதம் டான்யூப் போகிறவர்கள் கிளம்புமுன் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ரைனுக்கு வருவோம். பிங்கனிலிருந்து கோப்ளன்ஸ் வரை 65 கி.மீ., கோட்டைக்கு மேல் கோட்டை, பிரமாதமான காட்சி. இரண்டு கரையிலும் ரயில், இரண்டு கரையிலும் நெடுஞ்சாலை, சைக்கிள் பாதை அவற்றின் ஓரத்தில். இரவில் சரக்கு ரயில் தூங்க விடாது. இரண்டு நாளைக்குச் சரி, ஒரு வாரத்துக்கு இல்லை. மோசல் வேறு விஷயம். டிரியரிலிருந்து கோப்ளன்ஸ் வரை ஏறக்குறைய 200 கி.மீ., ஆறு பாம்பாக நெளிவதால் எதிர்காற்று அடித்தால்கூட அடுத்த வளைவில் முதுகுக்கு வந்துவிடும். நான்கு நாள்தான் லீவு என்றால் மோசலே போங்கள். ஜூலையில் அந்தச் சிலேட்டுப் பாறைச் சரிவுகள் சாயங்காலம்வரை சூட்டைக் கக்கும் என்பது மட்டும்தான் குறை.

என் கணக்கு இப்படி: முதல் தடவை போகிறவர்களும் குடும்பமாகப் போகிறவர்களும் டான்யூப். காற்று முதுகில், தரை நல்லது, நிழலுக்குக் கரை மாற்றிக்கொள்ளலாம், கடைசியில் குளிக்கலாம். வரலாறும் கட்டடமும் பிடித்தவர்கள், காலையில் எழும் பழக்கம் உள்ளவர்கள் லுவார். எழ மாட்டார்கள் என்றால் செப்டம்பருக்குத் தள்ளிப்போடுங்கள். கூடாரம் அடிக்கத் தெரிந்த, கையில் கருவிப்பை வைத்திருக்கிற, இரண்டு பேராவது சேர்ந்து போகிற, காசு செலவழிக்க விரும்பாத ஆட்களுக்குப் பொட்டோமாக். ஆனால் ஆகஸ்டு வேண்டாம், ஜூனின் முதல் பாதி போதும். கொசுவலையை மறக்காதீர்கள்.

இந்த ஜூலையில் அக்காவின் இரண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மறுபடி டான்யூப்தான் போகிறேன். பெரியவனுக்குப் பதிமூன்று, சின்னவளுக்குப் பத்து. நாளுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் கிடையாது என்று அக்காவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். லின்ஸைத் தாண்டியதும் மௌத்ஹவுசன் வரும். 1938 முதல் 1945 வரை நாஜிகளின் வதைமுகாம் இருந்த இடம். குறைந்தது 90,000 பேர் அங்கே இறந்தார்கள். பெரியவனை மட்டும் மேலே அழைத்துப் போவதா, இருவரையும் கீழே ஆற்றங்கரையிலேயே விடுவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

முதல் நாளுக்கு மட்டும் இப்போதே நேரம் குறித்துவிட்டேன். ஷ்லோகன் வளைவில் வடகரைப் பாதை ஓரிடத்தில் நின்றுவிடும், அங்கே படகு ஏறியே ஆக வேண்டும். பஸாவிலிருந்து 40 கி.மீ. சொச்சம். படகு சாயங்காலத்தோடு சரி. போன தடவை நான் மூன்று நதிகள் சேரும் முனையில் நிறம் பார்த்துக்கொண்டே பதினோரு மணிவரை நின்றுவிட்டு, கடைசிப் படகைக் கண்ணெதிரே அக்கரையில் கட்டுவதைப் பார்த்தேன். இந்தத் தடவை எட்டு மணிக்கு மிதிக்கத் தொடங்கிவிட வேண்டும்.